நாலாம் நம்பர் சட்டை

பீரோக்கா வீட்டுத் தொலைக்காட்சியில் நிறம் கிடையாது. பெட்டி பழசு என்று நினைத்துவிடாதீர்கள். மகன் போன வருஷம் வாங்கி மாட்டிய பெட்டி, பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது; அதில் இல்லாத நிறம் இல்லை. ஆனால் மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிக் கதவைச் சாத்தினார்களோ இல்லையோ, கிழவி ரிமோட்டை எடுத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எங்கெங்கோ அமுக்கி, நிறத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவாள்.

"அத்தை, மறுபடியுமா? டிவி கெட்டுப்போச்சுன்னு நினைச்சு இவரு போன தடவை மெக்கானிக்கையே கூப்பிட்டுட்டாரு" என்று மருமகள் வந்து அலுத்துக்கொள்வாள்.

"கலர்ல பாத்தா ஒருத்தர் மூஞ்சிலயும் களையே இல்லம்மா. எல்லாம் பொம்மைக்குப் பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு" என்பாள் பீரோக்கா.

முப்பது வருஷத்துக்கு மேல் கறுப்பு வெள்ளைக்குத் துணி கொடுத்த கை அது. பேச்சை எங்கே ஆரம்பித்தாலும் அங்கேதான் போய் நிற்கும். நாமும் அங்கேயே போய்விடுவோம்.

தொலைக்காட்சி நிலையம் அப்போது ஒரு பழைய காகிதக் கிடங்கில் இருந்தது. மழை பெய்தால் தகரக் கூரையில் விழும் சத்தத்தில் செய்தி வாசிப்பவர் குரலே கேட்காது. அதனால் வானிலை அறிக்கையை யாரும் வாசிக்க வேண்டியதே இல்லை என்று ஒரு கேலி உண்டு. துணி பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு அவள் போனபோது வயது இருபத்து நாலு. அதுவரை சீருடைக் கடை ஒன்றில் ஓட்டுநர்களுக்கும் நர்சுகளுக்கும் சட்டை திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இயக்குநர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"உங்க கோட்டுல இடது தோள் அரை அங்குலம் தூக்கிக்கிட்டு நிக்குது சார்."

வேலை கிடைத்தது. மறுநாளே கோட்டும் வந்து சேர்ந்தது, திருத்துவதற்கு.

அவள் அறை படப்பிடிப்புக் கூடத்துக்குப் பின்னால். ஜன்னல் இல்லை. பதினோரு இரும்பு பீரோ, ஒரு தேய்க்கும் மேசை, ஒரு நாற்காலி, அவ்வளவுதான். ஊசி வேண்டுமா, பட்டன் வேண்டுமா, தலைவலி மாத்திரை வேண்டுமா, யார் எதைக் கேட்டு வந்தாலும் அவள் எழுந்துபோய் ஏதோ ஒரு பீரோவைத் திறப்பாள். கேட்டது அதில் இருக்கும். ஒரே மாதத்தில் அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோய், காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் பீரோக்கா ஆகிவிட்டாள். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த இயக்குநர் அக்கா என்று கூப்பிடுவதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த வேலையில் ஒரு சூட்சுமம் இருந்தது. கேமராவுக்குச் சிவப்பு தெரியாது, பச்சை தெரியாது. எல்லாம் சாம்பல்தான், வெளிறிய சாம்பல், அடர்ந்த சாம்பல். அதை அளக்க ஒரு பலகை வைத்திருந்தார்கள். அதில் பத்துப் பட்டைகள்: ஒன்று சுத்த வெள்ளை, பத்து நல்ல கறுப்பு. ஒவ்வொரு துணியையும் அந்தப் பலகையோடு சேர்த்துக் கேமராமுன் பிடித்து, சின்னத் திரையில் எந்தப் பட்டையோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து, அந்த எண்ணைச் சீட்டில் எழுதிக் காலருக்குள் குத்திவைக்க வேண்டும். துணிக்கு மட்டுமா? ஆளுக்கும் எண் உண்டு. இயக்குநர் முகம் நாலு. காசாளர் எட்டு. பீரோக்கா ஏழு. முகத்துக்கும் துணிக்கும் குறைந்தது இரண்டு எண்ணாவது வித்தியாசம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முகம் எங்கே முடிகிறது, துணி எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் போய்விடும். சொந்தத் துணியைப் போட்டுக்கொண்டு வந்தாலும் பீரோக்காவிடம் சீட்டுக் குத்திக்கொள்ளாமல் கேமராமுன் உட்காரக் கூடாது. அதுதான் சட்டம்.

போகப் போக அவளுக்கு உலகமே எண்ணாகிவிட்டது. காய்கறிக் கடையில் நின்று தக்காளியையும் கத்திரிக்காயையும் மாறி மாறிப் பார்ப்பாள். பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்த அவள் கணவர், கல்யாண நாளுக்கென்று ஆசை ஆசையாய் ஒரு சிவப்பு உடை வாங்கி வந்து நீட்டினார். அவள் விளக்கடியில் பிடித்துப் பார்த்து, "ஏழு" என்றாள்.

"அடியே, நல்லா இருக்கா இல்லையான்னு சொல்லுடி!"

"நல்ல ஏழுங்க. எனக்குத்தான் ஆகாது, நானே ஏழு."

மனுஷன் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அப்புறம் அந்த உடையைப் போட்டுக்கொண்டு போய் எழுப்பினாள் என்பது வேறு கதை.

ஐந்தாறு வருஷத்தில் பலகையே தேவைப்படவில்லை. துணியைத் தூரத்தில் பார்த்தே எண்ணைச் சொல்வாள். நம்பாதவர்கள் கேமராவில் வைத்துப் பார்த்துவிட்டு வாயைப் பிளப்பார்கள். "என் கண்ணே பலகை" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் நின்ற நிற்பைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் ஏழு மணி வந்தாள். ஏழு மணிச் செய்தி வாசித்ததால் ஊர் வைத்த பெயர். அவள் தெருவில் நடந்து போனால், "ஏய், ஏழு மணி போகுது பாரு" என்று கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி சொல்வார்கள். முதலில் குழந்தைகளுக்குக் கதை சொல்லத்தான் அவளை எடுத்தார்கள். செய்தி நாற்காலி ஆண்களுடையது. ஒருநாள் செய்தி வாசிப்பவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, வேறு வழியில்லாமல் இவளை உட்கார வைத்தார்கள். மறுநாளிலிருந்து கடிதங்கள் குவிந்தன. இயக்குநர் அரை மனசாகச் சம்மதித்தார். "பாக்கலாம். ஆனா ஏதாவது ஒண்ணு ஆச்சு, அதோட சரி. அப்புறம் எந்தப் பொம்பளையும் அந்த நாற்காலிப் பக்கம் வரக் கூடாது" என்று பீரோக்காவின் காதுபடவே சொன்னார்.

அந்த ஆறரை மணிகளைப் பற்றிப் பேசினால் பீரோக்காவுக்கு இன்றைக்கும் குரல் இளகிவிடும். ஜன்னல் இல்லாத அந்த அறையில், தேய்த்த துணியின் சூடு அடங்காமல் இருக்கும். ஏழு மணி உடை மாற்றிக்கொண்டு நடு அறையில் நின்று, அன்றைய செய்தியைச் சத்தமாக வாசித்துப் பார்ப்பாள். பீரோக்கா வாயில் நாலு ஊசியைக் கவ்விக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி வந்து மடிப்பைச் சரிசெய்வாள். நாட்டில் யாருக்கும் தெரியாத செய்தி அரை மணி நேரம் முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

"அக்கா, நிதிப் பற்றாக்குறையைக் கொஞ்சம் வேகமா வாசிச்சிட்டேனா?"

ஊசியை எடுத்துவிட்டுச் சொல்வாள்: "வேகமாவே போகட்டும்மா. நின்னு மட்டும் நமக்கு என்ன தரப்போகுது."

ஏழு மணி சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். கூடப் பிறந்தவள் இல்லாத குறை பீரோக்காவுக்கு அந்த அறையில்தான் தீர்ந்தது.

அப்புறம் புதுக் கேமரா வந்தது. எங்கிருந்தோ கப்பலில் வந்தது, அதை இறக்குவதற்கே எட்டுப் பேர். வந்த மறுநாள் பொறியாளர் எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். புதுக் கேமராவின் கண் வேறு மாதிரி. பழைய கேமராவுக்கு அடர்த்தியாகத் தெரிந்த சிவப்பு வகையெல்லாம் இதில் வெளிறித் தெரியும். ஆகவே பழைய எண்கள் செல்லாது, எல்லாத் துணியையும் மறுபடி பலகையில் வைத்து அளக்கவும்.

பீரோக்கா படித்தாள். முந்நூற்றுச் சொச்சம் துணி. அதுகூடப் பரவாயில்லை. "என் கண்ணுக்கே நோட்டீஸ் அனுப்புறானா இவன்?" என்று மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சுற்றறிக்கையை மடித்து மேசை டிராயரில் போட்டாள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் ஏழு மணி ஒரு புதுச் சட்டையோடு வந்தாள். நூறாவது செய்திக்கென்று தன் காசில் வாங்கியது. பப்பாளிப் பழத்தை வெட்டினால் உள்ளே இருக்குமே, அந்த நிறம். முழுக்கை, மணிக்கட்டில் பட்டன், கழுத்தை ஒட்டி நிற்கும் காலர். அதற்கு மேல் மூன்றாம் பீரோவிலிருந்த கையில்லாத கறுத்த அங்கியைப் போட்டுக்கொள்வதாகத் திட்டம். அந்த அங்கிக்குக் கழுத்து நல்ல இறக்கம்; உள்ளே சட்டை இருப்பதால் அது பாட்டுக்கு இருக்கும்.

"நல்லா இருக்காக்கா?"

பீரோக்கா ஒரு பார்வை பார்த்தாள். "ஆறு" என்று எழுதிக் காலருக்குப் பின்னால் குத்தினாள். ஏழு மணியின் முகம் நாலு, சட்டை ஆறு, அங்கி ஒன்பது. கணக்குச் சரி. "அம்சமா இருக்கு, போ" என்று தோளில் தட்டி அனுப்பினாள்.

கூடத்தில் இருந்தவர்கள் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. சட்டை கண்ணெதிரே இருக்கிறது. இருப்பதாகத் தெரிந்துகொண்டு பார்ப்பவனுக்குத் திரையிலும் இருக்கும். "கொஞ்சம் வெளிறின மாதிரி இருக்கே" என்று மட்டும் ஒருவர் சொன்னாராம். செய்தி முடியட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

வீடுகளில் என்ன தெரிந்தது? புதுக் கேமராவின் கண்ணில் பப்பாளிச் சட்டை ஆறு அல்ல, நாலு. அச்சு அசலாக ஏழு மணியின் தோல். காலரைக் காணோம், கையைக் காணோம். கழுத்து இறங்கிய ஒரு கறுத்த அங்கியை மட்டும் மாட்டிக்கொண்டு, தோளும் கையும் மார்பின் மேற்பகுதியும் பளிச்சென்று திறந்திருக்க, ஒரு பெண் கொஞ்சமும் கூச்சமில்லாமல் நாடாளுமன்றச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.

செய்தி முடியும் முன்பே தொலைபேசி அலற ஆரம்பித்துவிட்டது. தொலைபேசிப் பெண் ஓடிவந்து மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டதும் பீரோக்கா டிராயரைத் திறந்து, மடித்துப் போட்ட சுற்றறிக்கையை எடுத்தாள். ஏழு மணி உடை மாற்றிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போயிருந்தாள். பப்பாளிச் சட்டை மட்டும் தேய்க்கும் மேசைமேல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு காலியாகிவிட்ட கூடத்துக்குப் போய், பலகையோடு சேர்த்துப் புதுக் கேமராமுன் பிடித்தாள். நாலாம் பட்டைமேல் வைத்ததும் சட்டை காணாமல் போனது.

அவள் கை தானாகக் காலருக்குப் போனது. சீட்டை உருவி எடுத்து, கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். பயம்தான், வேறென்ன.

அடுத்த பத்து நாள் ஊருக்கு வேறு வேலையே இல்லை. ஒரு பத்திரிகை தொலைக்காட்சித் திரையையே படம் பிடித்து முதல் பக்கத்தில் போட்டது; அச்சு மை அப்பி அது இன்னும் மோசமாக இருந்தது. முழுக்கைச் சட்டைதான் போட்டிருந்தார் என்று நிலையம் விளக்கம் கொடுத்தது. "யாருக்குக் காது குத்துறீங்க? படத்துல தெரியுதே" என்று ஊர் சிரித்தது. அலுவலகத்துக்கு எது உடை, எது உடை இல்லை என்று ஆளாளுக்குக் கிளம்பினார்கள். ஒரு வங்கி மேலாளர் அடிக்கோலை எடுத்துப் பெண் குமாஸ்தாக்களின் கைநீளத்தை அளக்கப் போய், செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆசிரியர்கள் கூட்டம் போட்டார்கள். வக்கீல்கள் கூட்டம் போட்டார்கள். "செய்தியை அவள் வாய் வாசிக்கிறதா, கை வாசிக்கிறதா?" என்று கேட்டு ஆதரவாகவும் கடிதங்கள் வந்தன. ஒருவர், தன் குடும்பத்தின் மானத்தைக் காக்கப் பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டதாக எழுதியிருந்தார். எழுதிவிட்டு, அன்றைய கழுத்திறக்கத்தை இரண்டு பக்கத்துக்கு வர்ணித்திருந்தார். அவ்வளவு நேரம் திருப்பாமல் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்க ஆளில்லை.

பீரோக்காவின் கணவர் பணிமனையில் தினம் ஒரு சண்டை. "என் பொண்டாட்டி பாக்காம அங்க ஒரு கைக்குட்டைகூடக் கேமரா முன்னாடி போகாது. அவ நம்பர் குத்துனா அது கல்வெட்டு. அந்தப் பொண்ணுதான் குத்தாமப் போயிருக்கும்" என்று கத்திவிட்டு வந்து, வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்வார். பீரோக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். அவர் அப்படி நம்பினதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

விசாரணை வந்தது. இயக்குநர், பொறியாளர், மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர். எதிரே ஏழு மணி நின்றாள். பக்கத்தில் பீரோக்கா.

"சீட்டுக் குத்தாமச் சொந்தத் துணியில உக்காந்திருக்கீங்க" என்றார் இயக்குநர்.

"இல்ல சார். குத்தித்தான் போனேன். பீரோக்கா குத்தினாங்க."

"சட்டையில சீட்டு இல்லையே?"

"எனக்குத் தெரியல சார். அக்காவைக் கேளுங்க."

அவள் அதைச் சொன்ன விதம் அப்படி. அக்காவைக் கேட்டால் முடிந்தது என்ற நிம்மதி அந்தக் குரலில் இருந்தது. மூன்று பேரும் பீரோக்காவைப் பார்த்தார்கள். "குத்தினீங்களா?"

பீரோக்கா எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்பு உதிர்ந்த இடம் ஒன்று.

"ஞாபகம் இல்ல சார்."

ஏழு மணி அவள் பக்கம் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. பீரோக்கா திரும்பவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். ஏழு மணி வெளியே போய்க் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

இரண்டு நாள் கழித்து, பெண்களுக்கென்று வைத்திருந்த துணியையெல்லாம் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. இனிமேல் செய்தி நாற்காலியில் பெண்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நேயர் நேரத்தில் இயக்குநரே அதை அறிவிக்கப் போகிறார். பீரோக்கா பீரோவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். எல்லாவற்றிலும் அவள் கையெழுத்தில் ஓர் எண். பதினேழாவது துணிக்கு மேல் அவளால் முடியவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போய், சீட்டை அவர் மேசையில் வைத்தாள்.

"நான்தான் குத்தினேன். தப்பாக் குத்தினேன். பயத்துல நான்தான் எடுத்துட்டேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல சார்."

இயக்குநர் சீட்டை ஒரு விரலால் அவள் பக்கமே தள்ளினார். "இதைக் கிழிச்சுப் போடுங்க பீரோக்கா. ஊரு இப்பத்தான் வாயை மூடிக்கிட்டு வருது. இதைக் கிளறினா என் நாற்காலியும் போகும், உங்க பீரோவும் போகும். முழுக்கைன்னு சொன்னப்பவே எவன் நம்பினான்? இப்ப மட்டும் நம்பிடுவானா?"

ஒரு மனுஷி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து உண்மையைச் சொல்கிறாள். அதை வாங்கிக்கொள்ளக்கூட ஆளில்லை என்றால் எங்கே போய்ச் சொல்ல? பீரோக்கா சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இயக்குநர் கேட்ட கேள்வி மட்டும் மனதில் நின்றது. நம்புவானா? சொன்னால் நம்ப மாட்டான். பார்த்தால்?

ஞாயிறு சாயங்காலம் ஐந்தரை. நேயர் நேரம். அப்போதெல்லாம் எல்லாமே நேரடி ஒளிபரப்புத்தான். நடந்தது நடந்தபடி வீட்டுக்குப் போய்விடும். இயக்குநர் கறுத்த கோட்டும் டையுமாகக் கேமராமுன் உட்கார்ந்து, நேயர்களின் மனம் புண்பட்டதற்கு வருந்துவதாகச் சொல்லி, மூன்றாவது கடிதத்தைப் பிரித்தார். பீரோக்கா கையில் ஒரு துணியோடு உள்ளே நுழைந்தாள். காலரைச் சரிசெய்ய அவள் வருவது வழக்கம்தானே, யாரும் தடுக்கவில்லை. நேரே போனாள். விசாரணைக்குப் பிறகு பீரோவிலேயே கிடந்த பப்பாளிச் சட்டையை உதறி, சலூனில் முடி வெட்டும் முன் துணி போர்த்துவது போல இயக்குநரின் முன்பக்கமாகப் போர்த்தி, கைகள் இரண்டையும் அவர் பிடரிக்குப் பின்னால் முடிந்துவிட்டாள்.

கூடத்தில் இருந்தவர்களுக்கு, பப்பாளி நிறத்தில் ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு இயக்குநர் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். நாட்டில் இருந்தவர்களுக்கு, நிலைய இயக்குநர் மேல்சட்டை இல்லாமல் வெற்றுடம்போடு உட்கார்ந்து மூன்றாவது கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு, சிரிப்பை மாற்றாமல். நேரடி ஒளிபரப்பில் கத்த முடியுமா?

பீரோக்கா வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேமராவைப் பார்த்தாள்.

"நான் இங்க துணி பாத்துக்கிறவ. அன்னிக்கு அந்தப் பொண்ணு போட்டிருந்த சட்டை இதுதான். முழுக்கை. கழுத்து வரைக்கும் பட்டன். இப்ப உங்க வீட்டுல சார் எப்படித் தெரியிறாரோ, அப்படித்தான் அன்னிக்கு அவளும் தெரிஞ்சா. ஆனா பாருங்க..." என்று சட்டையை விலக்கினாள். கோட்டும் டையும் வந்தன. மறுபடி போர்த்தினாள். போயின. "சார் ஒழுங்காத்தான் உடுத்தியிருக்காரு. அவளும் ஒழுங்காத்தான் உடுத்தியிருந்தா. இந்தக் கேமராவுல அளந்து பாக்காம நம்பரைத் தப்பாக் குத்தினது நான். இதோ சீட்டு, இது என் கையெழுத்து. திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க."

கேமராக்காரர் கேமராவை அசைக்கவில்லை. உள்ளே கட்டுப்பாட்டு அறையில் ஒளிபரப்பை நிறுத்த வேண்டியவர் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாராம். நாடு முழுக்க அதே கதைதான். மறுநாள் மூட்டை மூட்டையாகக் கடிதம். அடிக்கோல் எடுத்த வங்கி மேலாளர் விடுப்பில் போனார். இயக்குநர் தானே மன்னிப்பு வாசித்தார், கோட்டைக் கழுத்து வரை பொத்தானிட்டுக்கொண்டு. புதன்கிழமை ஏழு மணி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த நாற்காலியில் வரிசையாக எத்தனையோ பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

பீரோக்காவுக்குத் தண்டனை, ஆறு மாதம் பழைய கோப்பு அறையில். நாலே மாதத்தில் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். பதினோரு பீரோவில் எது எங்கே இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் ஊரும் நினைத்தது, அவள் வீட்டுக்காரரும் நினைத்தார். ஏழு மணியும் அக்கா, அக்கா என்றுதான் கூப்பிட்டாள். சட்டையை நீட்டுவாள், எண் வாங்கிக்கொள்வாள், நன்றி சொல்வாள். ஆனால் செய்தியை வாசித்துப் பார்ப்பது மட்டும் அறையில் இல்லை. வெளியே நடைபாதையில், தனியாக, மெல்லிய குரலில். பத்தொன்பது வருஷம், அவள் செய்தி வாசிப்பதிலிருந்து ஓய்வு பெறும் வரை அப்படித்தான். பீரோக்கா உள்ளே ஊசியைக் கவ்விக்கொண்டு, கதவுக்கு அந்தப் பக்கம் போகும் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். வார்த்தை புரியாது. மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தினம் நினைப்பாள். நாளைக்குக் கேட்கலாம்.

இயக்குநருக்குச் சட்டை போர்த்திய கதையைப் பீரோக்கா சொல்லாத ஆள் கிடையாது. அக்கம்பக்கம், பேருந்துப் பயணி, மருத்துவமனை வரிசையில் பக்கத்தில் நின்றவர். கேட்டவர்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, "எப்பேர்ப்பட்ட தைரியம்!" என்பார்கள். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மட்டும் அந்தக் கதையில் வராது. கணவரிடம்கூட அவள் சொல்லவில்லை. நம்பர் தப்பினாலும் அவள் வாக்கு கல்வெட்டு என்று நம்பியபடியே அவர் போய்ச் சேர்ந்தார்.

போன வருஷம் ஏழு மணி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அறுவை சிகிச்சை. மகள் வீட்டில் இருப்பதாகத் தகவல் வந்து, பீரோக்கா பார்க்கப் போனாள். படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். தேநீர் வந்தது. மகள் வந்து உட்கார்ந்து, "ஆன்ட்டி, அந்த டைரக்டர் கதையைச் சொல்லுங்க. அம்மா சொன்னா நல்லாவே இருக்காது, செய்தி வாசிக்கிற மாதிரி சொல்லுவாங்க" என்றாள். பீரோக்கா சொன்னாள். மகள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஏழு மணியும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்கக்கா, தையல் பிரிஞ்சுடும்" என்று சிரித்தாள்.

சிரித்து ஓய்ந்ததும் மகள் கேட்டாள்: "அதுக்கு முன்னாடி விசாரணை நடந்துச்சே, அங்க அம்மா தனியாவா நின்னாங்க? நம்பர் குத்திக்கிட்டுத்தான் போனாங்கன்னு சொல்ல ஒருத்தர்கூடவா இல்ல?"

"விடும்மா. பழைய கதை" என்றாள் ஏழு மணி சட்டென்று. "ஆறிப்போகுது பாருங்கக்கா, டீயைக் குடிங்க."

அவள் தன்னைக் காப்பாற்றுகிறாள் என்பது பீரோக்காவுக்குப் புரிந்தது. இத்தனை வருஷமும் பெற்ற மகளிடம்கூடச் சொல்லாமல் காப்பாற்றியிருக்கிறாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் பக்கத்துலயே நின்னேன்மா" என்றாள் மகளைப் பார்த்து. "சீட்டு என் கைப்பைக்குள்ள இருந்துச்சு. குத்தினீங்களான்னு என்னைக் கேட்டாங்க. ஞாபகம் இல்லன்னு சொன்னேன். உங்கம்மா என்னைப் பாத்தா. நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். ஏழு மணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேலை போனதுக்கு நான் அழலக்கா" என்றாள் அங்கேயே பார்த்தபடி. "அன்னிக்கு வீட்டுக்குப் போய் நான் அழுதது வேறொண்ணுக்கு."

"தெரியும்மா. என்னை மன்னிச்சிடு. அப்பவே வந்து உன் கையைப் பிடிச்சுக் கேட்டிருக்கணும். பத்தொன்பது வருஷம் ஒரே ரூம்ல இருந்துக்கிட்டுக் கேக்காமப் போனேன், பாவி. நீயாவது ஒரு வார்த்தை, ஏன்கா அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டிருக்கக் கூடாதா?"

ஏழு மணி திரும்பினாள். நாடு முழுக்கக் கேட்ட அந்தக் குரல் இப்போது பாதியாகத் தேய்ந்திருந்தது.

"கேக்கணும்னு எத்தனையோ நாள் கதவு வரைக்கும் வந்திருக்கேன். கேட்டு, நீங்க மறுபடியும் ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டீங்கன்னா? அதைத் தாங்குற தெம்பு எனக்கு இல்லக்கா."

பீரோக்கா நாற்காலியை விட்டு எழுந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதாள். ஏழு மணியும் அழுதாள். மகளுக்கு யாரைத் தேற்றுவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டு சூடாக்கப் போனாள்.